மூன்று சென்டிமீட்டர் எலும்பு

திருவாலங்காட்டில் வளர்ந்த பிள்ளைகள் எலும்பைக் கண்டு அஞ்சுவதில்லை. திருத்தணிக்குத் தென்கிழக்கே, சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் அது. ஊரின் வடாரண்யேசுவரர் கோயில் ஐந்து சபைகளுள் இரத்தின சபை. காலைத் தலைக்கு மேல் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடும் கூத்தனின் அடியில் ஒரு மூதாட்டி தாளமிட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். காரைக்காலில் புனிதவதியாகப் பிறந்து, கணவனுக்கென்று சுமந்த அழகு இனி வேண்டாமென்று உதறி, எலும்புருவாக இங்கு வந்து சேர்ந்தவள். சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் அவளுடைய கழுத்தெலும்பையும் விலாவையும் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

உள்ளூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருந்த எங்கள் அப்பா, சிறுவயதில் எங்களைச் சன்னதிக்கு முன் நிறுத்திச் சொல்வார்: “பேயென்று பயப்படாதீர்கள். சாமியே அம்மா என்று கூப்பிட்டது இவளைத்தான்.” பிற ஊர்களில் பெண்தெய்வத்தின் எழில் தசையில் இருந்தது. எங்கள் ஊரில் அது எலும்பில் இருந்தது. அதை இயல்பென்றே எடுத்துக்கொண்டு வளர்ந்தோம்.

‘நாங்கள்’ என்பது அக்காவும் தம்பியுமாக இருவர். எழுதும் கை ஒன்றுதான் என்றாலும் இருவர் பெயரிலும் எழுதுகிறோம். இதில் ஒப்புக்கொள்ள வேண்டிய பிழை ஒன்று இருக்கிறது, அது இருவருடையது.

*

எலும்பு எதனால் ஆனது என்பதை நாங்கள் முதலில் கற்றது சுடுகாட்டில். 1989இல் எங்கள் ஆயா இறந்தபோது, மறுநாள் பால் தெளிக்கச் சென்ற அப்பாவுடன் எங்களில் இளையவனும் போனான். சாம்பலுக்குள் வெள்ளையாகத் தெரிந்த துண்டொன்றை அவன் எடுத்தான். விரல்களுக்கிடையே அது சுண்ணாம்புக்கட்டி போல உதிர்ந்தது. முந்தைய வாரம்வரை குடத்தில் தண்ணீர் சுமந்த கையின் எலும்பு எப்படி இவ்வளவு எளிதில் நொறுங்கும் என்று அவனுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை.

விடையைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தோம். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதம், சிறிது நீர். தீ கொலாஜனை எரித்துவிடுகிறது, கனிமம் நிற்கிறது. அந்தக் கனிமத்தின் பெயர் ஹைட்ராக்சி அபடைட்: பத்து கால்சியம், ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்சில் என்ற கணக்கில் அடுக்கப்பட்ட படிகம். உயிருள்ள எலும்பில் அது அத்தனை தூய்மையாக இருப்பதில்லை, கார்பனேட்டும் மெக்னீசியமும் சோடியமும் சிறிது சிறிதாகக் கலந்திருக்கும். ஆற்றில் கரைக்க நாம் பொறுக்குவது பெரும்பாலும் இதைத்தான்.

இதன் மறுபாதியை அடுக்களையில் காணலாம். கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்தால் கனிமம் கரைந்து கொலாஜன் மட்டும் மிஞ்சும், எலும்பு ரப்பர்போல வளையும். கொலாஜன் இல்லாத எலும்பு நொறுங்குகிறது. கனிமம் இல்லாத எலும்பு துவள்கிறது. இரண்டும் ஒன்றினுள் ஒன்று புகுந்து நிற்பதால்தான் நாம் நிற்கிறோம். இந்தக் கொலாஜன் மூலக்கூறு மூன்று புரிகள் முறுக்கிய கயிறு என்ற உண்மையை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காருவின் வால் தசைநாணில் ஊடுகதிரைச் செலுத்திப் பெற்ற படங்களே அவர்களுக்குச் சான்று. எலும்பின் நாரை முதலில் சரியாகப் பிரித்துப் பார்த்தது எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணிநேர ரயில் பயணத்தில் என்பது எங்களுக்கு இன்றும் வியப்புதான்.

*

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் முதலில் வாயில் வரும் சொல் புத்தூர். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் பாதையில், திருத்தணிக்கும் நகரிக்கும் வடக்கே இருக்கும் ஆந்திர ஊர். ‘புத்தூர் கட்டு’ என்ற பலகையைத் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் காணலாம். அரைத்த பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி, இவ்வளவுதான் கட்டின் பொருட்கள். கட்டுபவர்கள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள், வலியில் கத்துபவர்களும் அப்படியே.

அப்பாவுக்குப் பத்து வயதில், புளியமரத்திலிருந்து விழுந்து முன்கை முறிந்தது. 1960ஆம் ஆண்டு மாசி மாதம். தாத்தா அவரைப் புத்தூருக்குக் கூட்டிச் சென்று கட்டுப் போட்டார். அந்த ஏப்ரலில் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது, புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. “கட்டுப் போட்டது சொந்த மாநிலத்தில், அவிழ்த்தது அயல் மாநிலத்தில். நடுவில் எல்லையும் முறிந்து ஒட்டியது” என்று அப்பா வகுப்பில் சொல்வாராம். கை நன்றாகக் கூடிவிட்டது. அந்தக் கையால்தான் முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினார்.

கட்டுப் போட்ட பெரியவர் அன்று சொன்னதாக அப்பா நினைவில் வைத்திருந்த வாக்கியம் ஒன்று உண்டு: “நான் ஒட்டுறதில்லை தம்பி. நான் பிடிச்சுக்கிறேன், அதுவே ஒட்டிக்கும்.” எலும்பு மருத்துவத்தின் பாடநூல்களைப் பின்னாளில் புரட்டியபோது, அந்தப் பெரியவரின் வாக்கியத்தைத் தாண்டி அவை வெகுதொலைவு செல்லவில்லை என்று தோன்றியது. முறிந்த இடத்தில் குருதி உறைகிறது. அந்த உறைவுக்குள் செல்கள் வந்து குடியேறி மெல்லிய குருத்தெலும்பாலான பாலம் ஒன்றைக் கட்டுகின்றன. அதன்மேல் கனிமம் ஏறி அது எலும்பாகிறது. பின்னர், எலும்பைத் தின்னும் செல்களும் கட்டும் செல்களும் மாதக்கணக்கில் அதைச் செதுக்கிப் பழைய வடிவுக்குக் கொண்டுவருகின்றன. முறிவே இல்லாதபோதும் இந்தத் தின்பதும் கட்டுவதும் ஓய்வதில்லை. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு புதிதாக்கப்படுகிறது. மருத்துவர் செய்வதெல்லாம் முறிந்த முனைகளை நேர்நிறுத்தி அசையாமல் பிடித்துக்கொள்வதுதான், மூங்கிலால் ஆயினும் டைட்டானியத் தகட்டால் ஆயினும்.

ஆனால் பிடித்துக்கொள்வதற்கு இரண்டு முனைகளும் அருகருகே இருக்க வேண்டும்.

*

2017 ஆவணியில், அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. காலையில் மிதிவண்டியில் சென்றவரை வளைவில் ஒரு சரக்கு வண்டி இடித்துவிட்டுப் போனது. வலது முழங்காலுக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்திருந்தது. அந்த நிலையிலும் “புத்தூருக்குப் போகலாம்” என்றாராம். காயத்தைப் பார்த்தவர்கள் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவே சரி.

அங்கே மண்ணும் கிரீஸும் படிந்து உயிரற்றுப்போன எலும்புத் துண்டுகளை அறுவை மருத்துவர் எடுத்துவிட வேண்டியிருந்தது. எஞ்சிய இரு முனைகளுக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம். அத்தனை தூரத்தை வயதான எலும்பு தானாகத் தாண்டாது என்றார் அவர். காலின் வெளியே கம்பிகளும் கழிகளுமாக ஒரு சட்டத்தைப் பொருத்தி, வெற்றிடத்தில் எலும்புச் சிமெண்டால் ஒரு கட்டியை வைத்தார். பிரெஞ்சு மருத்துவர் மாஸ்கெலே 1980களில் உருவாக்கிய முறை இது. சிமெண்டைச் சுற்றி உடல் ஒரு சவ்வைத் தானே நெய்துகொள்ளும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் திறந்து, சிமெண்டை எடுத்துவிட்டு, அந்தச் சவ்வுப் பைக்குள் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய எலும்பை நிரப்புவார்கள். “ரெண்டு மாசத்துல வந்துடுங்க” என்றார்.

இடுப்பிலிருந்து எடுப்பது என்ற சொல் எங்களைப் பயமுறுத்தியது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயமா? பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒருவர், கால் ஆறி ஓராண்டாகியும் எலும்பு எடுத்த இடுப்பு வலிக்கிறது என்றார். அன்றிரவு நாங்கள் இணையத்தில் தேடத் தொடங்கினோம்.

*

எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடிய எங்களுக்கு முதலில் கிடைத்த சொல் திசுப் பொறியியல். 1993இல் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகாந்தியும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அதன் இலக்கணத்தை வகுத்தது. உடலில் இழந்த பகுதியை மீண்டும் உண்டாக்க மூன்று வேண்டும்: செல்கள், அவற்றை ஊக்கும் வேதிக் குறிப்புகள், அவை ஏறி நிற்க ஒரு சாரம். கட்டடம் எழும்வரை நின்று பிறகு பிரிக்கப்படும் சவுக்குக் கம்புச் சாரத்தை எண்ணிக்கொள்ளலாம். உடலுக்குள் இருக்கும் சாரத்தை யாரும் போய்ப் பிரிக்க முடியாது. அது தானே கரைய வேண்டும், எலும்பு எழுகிற வேகத்திலேயே.

எலும்புக்கு எந்தச் சாரம் பொருந்தும்? இயற்கை எதைக் கொண்டு கட்டியதோ அதுவே பொருந்தும் என்பது எளிய விடை. எலும்பிலுள்ள ஹைட்ராக்சி அபடைட் தகடுகள் ஏறத்தாழ 50 நானோமீட்டர் நீளம், 25 அகலம், இரண்டு முதல் நான்கு வரை தடிமன் உள்ளவை. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டதில் ஒன்று. தலைமுடியின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவில் இருக்கும். ஹைட்ராக்சி அபடைட்டைச் சூளையில் சுட்டுப் பீங்கான் கட்டியாக்கி மருத்துவத்தில் பயன்படுத்துவது புதிதன்று. செயற்கை இடுப்பு மூட்டுகளின்மேல் அதைப் பூசுவது 1980களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் சுட்ட கட்டி பீங்கான் கிண்ணம்போல உடையக்கூடியது, எளிதில் கரையவும் செய்யாது. அதையே நானோ அளவில் ஆக்கினால் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. குருதியின் புரதங்கள் அப்பரப்பில் படிகின்றன, எலும்பு கட்டும் செல்கள் அப்புரதங்களைப் பற்றிக்கொண்டு அமர்கின்றன.

கனிமம் ஆயிற்று. கொலாஜன் நாருக்கு என்ன செய்வது? இங்குதான் பாலிமர் நானோ இழைகள் வருகின்றன. அவற்றை உண்டாக்கும் முறைக்கு மின்நூற்பு என்று பெயர். ஊசிக்குழலில் பாலிமர்க் கரைசலை நிரப்பி, ஊசிமுனைக்குப் பத்தாயிரம் இருபதாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தருகிறார்கள். முனையில் தொங்கும் துளி கூம்பாக நீள்கிறது. கூம்பின் நுனியிலிருந்து மெல்லிய தாரையொன்று கிளம்பி, சாட்டைபோலச் சுழன்று, பறக்கும்போதே கரைப்பானை இழந்து, ஒரு சாண் தொலைவிலுள்ள உலோகத் தகட்டில் இழையாகப் படிகிறது. அன்டன் ஃபோர்ம்ஹால்ஸ் 1934இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. அறுபது ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்து 1990களில் மீண்டும் உயிர்பெற்றது. இழையின் தடிமன் சில நூறு நானோமீட்டர், உடலின் கொலாஜன் நார்களும் ஏறத்தாழ அதே அளவினவே. செல்லுக்குத் தான் நிற்பது அயல்வீடு என்று தோன்றாது.

பாலிகேப்ரோலாக்டோன், பாலிலாக்டிக் அமிலம் போன்ற பாலிமர்கள் உடலுக்குள் மெல்லக் கரையக்கூடியவை. முதலாவது கரைய இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். கரைசலிலேயே ஹைட்ராக்சி அபடைட் துகள்களைக் கலந்து நூற்கலாம். அல்லது நூற்ற இழையைக் கால்சியமும் பாஸ்பேட்டும் உள்ள நீர்மங்களில் மாறிமாறித் தோய்த்து, படிகம் அதன்மேல் தானே வளரும்படி செய்யலாம். துகள் மிகுந்தால் அவை திரண்டுகொண்டு ஊசி அடைக்கும், இழை வலுவிழக்கும். 2009இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சீரம் ராமகிருஷ்ணாவின் குழு, பாலிலாக்டிக் அமிலம், கொலாஜன், ஹைட்ராக்சி அபடைட் மூன்றும் சேர்ந்த இழைகளில் எலும்பு கட்டும் செல்களை வளர்த்து, அங்கே கனிமப் படிவு கூடுதலாக நிகழ்வதைக் காட்டியது.

அண்மையிலேயே வேறு பெயர்களும் கிடைத்தன. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல், எறியப்படும் முட்டை ஓட்டிலிருந்து நுண்ணலைகளின் உதவியால் பூவிதழ் போன்ற ஹைட்ராக்சி அபடைட் நுண்ணமைப்பை உருவாக்கியிருந்தார்கள். புத்தூரில் வெள்ளைக்கரு, சேலத்தில் ஓடு என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் ஹைட்ராக்சி அபடைட்டை அடிப்படையாகக் கொண்ட பீங்கான் சாரத்தில் வெள்ளாட்டின் சொந்தச் செல்களை ஏற்றி, அதன் தொடை எலும்பின் இடைவெளியை நிரப்பிய ஆய்வு 2009இல் வெளிவந்திருந்தது. ஆட்டுக்கு முடிந்தது அப்பாவுக்கு முடியாதா?

*

அப்பாவுக்கு இவற்றையெல்லாம் படித்துக் காட்டினோம். கால் சட்டத்துக்குள் இருக்க, கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். மயிலாப்பூரில் குடத்திலிருந்த எலும்பிலிருந்து பூம்பாவையைச் சம்பந்தர் எழுப்பிய கதையை நினைவூட்டினார். “அவர் எலும்பிலிருந்து ஆளை எழுப்பினார். இவர்கள் ஆளிலிருந்து எலும்பை எழுப்பப் பார்க்கிறார்கள். அவருக்கு ஒரு பதிகம் போதும், இவர்களுக்கு எத்தனை வருஷம்?” என்றார். நாங்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். அவர் கேட்டது வேடிக்கைக்காக இல்லை.

எங்கள் தாய்மாமன் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். பார்க்க வந்தவரிடம், நூல் விஷயமாயிற்றே என்று, இழைகளின் மின்னணு நுண்ணோக்கிப் படத்தைக் காட்டினோம். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “இதில பாவு எது, ஊடை எது? சிக்கு விழுந்த நூல் மாதிரில்ல இருக்கு. தண்ணி வேணா இறங்கும், உள்ளாற வேற எது நுழையும்?” என்றார். இது தறி இல்லை மாமா, வேறு சங்கதி என்று அவருக்கு விளக்கினோம்.

இரண்டு மாதம் முடிந்தபோது நாங்கள் மருத்துவமனைக்குப் போகவில்லை. ஆய்வகம் ஒன்றுக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதி மறுமொழிக்குக் காத்திருந்தோம். தீபாவளி போயிற்று. பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு காரணம். மார்கழியில் ஆருத்ரா முடியட்டும் என்று இன்னொரு காரணம். உண்மைக் காரணம், எங்கள் கைப்பேசியில் அன்றாடம் வந்துகொண்டிருந்த செய்தித் தலைப்புகள். எலும்பை வளர்க்கும் நானோ இழை கண்டுபிடிப்பு என்று எங்காவது ஒன்று இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் என்ற பெருமிதமும் அதில் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுமொழி வந்தது. எழுதியவர் முன்பின் அறியாத எங்களுக்காக ஒரு பக்கம் முழுக்கப் பொறுமையாக விளக்கியிருந்தார். தங்கள் இழைகள் இன்னும் வளர்ப்புக் கிண்ணத்திலும் எலிகளிலுமே இருக்கின்றன என்றும், மனிதரின் கால் எலும்புக்கு அவற்றைத் தர முடியாது என்றும் எழுதி, கடைசி வரியில் “உங்கள் மருத்துவர் சொன்ன தேதியைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்” என்று முடித்திருந்தார். அதைப் படித்தபோது தேதி கடந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

*

தை மாதக் கடைசியில் மருத்துவர் முன் போய் அமர்ந்தோம். அச்சிட்டுக் கொண்டுபோன கட்டுரைகளை அவர் ஒதுக்கவில்லை, புரட்டிப் பார்த்தார். பிறகு, மாமா சொன்னதையே வேறு மொழியில் சொன்னார்.

மின்நூற்பில் கிடைப்பது பெரும்பாலும் மெல்லிய பாய். அதன் துளைகள் சில மைக்ரோமீட்டர் அளவே, செல்லோ அதைவிடப் பெரியது. செல்கள் பாயின் மேலே அழகாகப் பரவும், உள்ளே இறங்காது. எலும்பு உள்ளே வளர நூறு மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட வாசல்கள் வேண்டும். உள்ளே போனாலும், குருதி நுண்குழாயிலிருந்து ஓரிருநூறு மைக்ரோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல் பட்டினி கிடக்கும். கிண்ணத்தில் நாற்புறமும் ஊட்டநீர் இருப்பதால் இந்தச் சிக்கல் அங்கே தெரிவதில்லை. மூன்று சென்டிமீட்டர் என்பது முப்பதாயிரம் மைக்ரோமீட்டர். அதனூடே குருதிக்குழாய் ஓட வேண்டும், அதன்மேல் அறுபது கிலோ எடை நிற்கவும் வேண்டும். “இடுப்பெலும்பில செல்லும் இருக்கு, குறிப்பும் இருக்கு, சாரமும் இருக்கு. உங்க கட்டுரை கேட்கிற மூணும் ஒரே இடத்துல. இப்போதைக்கு அதைவிட நல்லது என்கிட்ட இல்லை” என்றார். தாமதத்துக்காக எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கணுக்காலைத் தொட்டு மடக்கப் பார்த்தவர், ஒரு கணம் நிறுத்தி, இயன்முறைப் பயிற்சி உடனே தொடங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மாசியில் அறுவை நடந்தது. சவ்வு உருவாகியிருந்தது, அதைக் கீறிச் சிமெண்டை எடுத்தார்கள். இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துருவலை நிரப்பித் தைத்தார்கள். முதல் மூன்று மாத எக்ஸ்ரேக்களில் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. நான்காவதில் புகை படிந்தது போன்ற ஒரு வெண்மை. ஆறாவதில் அதற்கு விளிம்பு வந்தது. ஓராண்டு முடியும் தறுவாயில் அப்பா கோல் ஊன்றி நடந்தார். கால் கூடிவிட்டது. ஆனால் எட்டு வாரத்துக்குப் பதில் ஐந்து மாதம் அசையாமல் கிடந்த கணுக்கால் முழுவதுமாக மடங்கவேயில்லை. இன்றும் தரையில் சம்மணமிட்டு உட்கார அவரால் முடிவதில்லை. வாழ்நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து புத்தகம் படித்த மனிதர் அவர்.

தாமதம் இல்லாதிருந்தாலும் கணுக்கால் இறுகியிருக்கலாம் என்று மருத்துவர் பின்னொரு நாள் ஆறுதலாகச் சொன்னார். இருக்கலாம். அந்த ‘கலாம்’ எங்களுக்கு உதவவில்லை.

*

ஆய்வாளர்கள்மேல் எங்களுக்குக் குறையில்லை. அவர்கள் எதையும் மிகைப்படுத்தவில்லை. கட்டுரைகளிலேயே, கிண்ணத்தில் என்றும் எலியில் என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள், நாங்கள்தான் அவ்வரிகளை வேகமாகக் கடந்துபோனோம். தொடர்ந்து வாசித்து வருகிறோம். உப்பையோ சர்க்கரையையோ இழைகளோடு சேர்த்து, பிறகு அதைக் கரைத்துச் செல்லுக்கு வாசல் திறக்கும் முயற்சிகள் நடக்கின்றன. பாயைச் சுருட்டி அடுக்குகிறார்கள், முப்பரிமாண அச்சோடு இணைக்கிறார்கள், குருதிக்குழாயை வரவழைக்கும் புரதங்களை இழைக்குள் பொதிகிறார்கள். பெரிய இடைவெளிகளுக்குச் சொந்த எலும்பே இன்றும் முதல் தேர்வாக இருந்தாலும், இடுப்பைக் கீறாமல் ஒரு காலைக் கூட்டும் நாள் வரும் என்றே நம்புகிறோம்.

நாங்கள் கற்றுக்கொண்டது காலத்தைப் பற்றி. சாரத்தைச் செய்பவர்களின் பெரிய கவலை எதுவென்று அக்கட்டுரைகளைத் திரும்பப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. முன்னதாகக் கரைந்தால் எலும்பு சரியும், பிந்திக் கரைந்தால் எலும்புக்கு இடமிருக்காது. தங்கள் இழைக்கே இத்தனை நுணுக்கமாக நேரம் பார்ப்பவர்களின் எழுத்தைப் படித்துவிட்டு, நாங்கள் ஒரு காலின் நேரத்தைத் தவறவிட்டோம். ஆய்வுக்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்கத் தெரியும். எலும்பைச் சுற்றி நெய்யப்பட்ட சவ்வுக்கு வாரங்கள்தான் தெரியும்.

சென்ற மார்கழி ஆருத்ராவுக்கு அப்பாவோடு கோயிலுக்குப் போனோம். அம்மையார் தலையால் நடந்த மண் என்பதால் இவ்வூரைக் காலால் மிதிக்கச் சம்பந்தர் தயங்கினார் என்பது தலபுராணம். அப்பா ஒவ்வோர் அடியாகக் கோலூன்றி வந்தார். சபைக்கு முன், மற்றவர்கள் தரையில் அமர, அவருக்கு ஒரு மடக்கு நாற்காலியை விரித்தோம். அமர்ந்துகொண்டு, கூட்டத்துக்கு மேலாக, அந்தக் காலடி மூதாட்டியைத் தேடினார். மாலைகளுக்கு நடுவே அவள் தெரியவில்லை.

“எங்கேயும் போகமாட்டாள். கூட்டம் கலையட்டும், பார்க்கலாம்” என்றார். காத்திருந்தோம்.